டொராண்டோ வீட்டுத் தோட்டத்தில் ஃப்ளாக்ஸ் (Phlox paniculata, பல்லாண்டுப் பூச்செடி) செடியின் இலையெல்லாம் ஆகஸ்டில் வெள்ளையாகி உதிர்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

மாவு தூவியதுபோல் படிவது சாம்பல் நோய். செடி சாகாது; வேர் பிழைத்து அடுத்த வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். ஆனால் ஆண்டுதோறும் வருகிறதென்றால் மருந்தைவிட முதலில் பார்க்க வேண்டியது செடி நிற்கும் இடம். பெரும்பாலும் வேலியோரமாக, காற்றுப் புகாத நெருக்கத்தில் நிற்கும்.

மற்றப் பூஞ்சைகளைப்போல் இதற்கு இலை நனைந்திருக்க வேண்டியதில்லை. பகலில் வெயில், இரவில் ஈரக்காற்று, அடியில் காய்ந்த மண், இவ்வளவு போதும். மழையே இல்லாத ஆகஸ்டிலும் வருவது அதனால்தான்.

இதைத் தடுக்கும் வேலை மே மாதத்தில் இருக்கிறது. தண்டுகள் ஒரு சாண் உயரம் வந்ததும் ஒவ்வொரு தூரிலும் தடித்த ஐந்தாறை மட்டும் விட்டு, மெலிந்தவற்றைத் தரையோடு வெட்டுங்கள். மனசு வராது, ஆனாலும் வெட்டுங்கள். காற்று உள்ளே புகும், பூங்கொத்தும் பெரிதாகும். தூருக்குத் தூர் 45 முதல் 60 செ.மீ. இடைவெளி வேண்டும். தினம் ஆறு மணி நேர வெயில் நல்லது. நிழல் கூடினால் தண்டு நெட்டையாக வளர்ந்து சாயும்.

தண்ணீரை வேருக்கு மட்டும், காலையில் விடுங்கள். மழை இல்லாத வாரத்தில் மண் ஓர் அங்குல மழை பெய்த அளவுக்கு நனைய வேண்டும். மேலாக்கத் தினம் தெளிப்பதைவிட வாரத்தில் ஒரு முறை ஆழமாக விடுவது மேல். ஐந்து செ.மீ. மூடாக்கு (மண்ணை மூடும் சருகு, மரத்தூள் போன்றவை) போடலாம், தண்டின் அடியை மூடாமல். வசந்தத்தில் ஒரு கூடை மட்கு உரம் போதும். தழைச்சத்து மிகுந்த உரம் போட்டால் இளந்தழை பெருகி நோய்க்கு விருந்தாகும்.

மருந்து வேண்டுமென்றால் கந்தகம் அல்லது பொட்டாசியம் பைகார்பனேட். முதல் வெள்ளைப் புள்ளி தெரியும்போதே இலையின் இருபுறமும் படும்படி அடிக்க வேண்டும். முழுக்கப் படிந்த பிறகு அடிப்பது வீண். கந்தகத்தை 30 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் அடித்தால் இலை கருகும். எண்ணெய்க் கரைசல் அடித்திருந்தால் கந்தகம் அடிக்க இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். டொராண்டோ உள்ள ஒன்டாரியோ மாகாணத்தில் 2009 முதல் வீட்டுத் தோட்டங்களில் பல ரசாயனங்களுக்குத் தடை உண்டு, அதனால் புட்டியில் உள்ளதைப் படித்து வாங்குங்கள்.

இலை வெளிறி, பொடிப் புள்ளியாகி, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் அது வேறு: சிலந்திப் பேன். வறட்சியில் வரும். இலையடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் குறையும். இதையும் காலையிலேயே செய்யுங்கள், மாலைக்குள் இலை உலர்ந்துவிடும்.

எல்லாம் செய்தும் சாம்பல் நோய் வந்தால் ரகத்தை மாற்றுவதே வழி. வெள்ளைப் பூ ‘டேவிட்’, சின்னஞ்சிறு ஊதா இளஞ்சிவப்புப் பூவுள்ள ‘ஜீனா’ இரண்டும் நன்றாகத் தாங்கும். அமெரிக்காவின் டெலவேரில் உள்ள மவுண்ட் கியூபா மையம் என்ற தாவரவியல் தோட்டம் 2015 முதல் 2017 வரை நட்டுப் பார்த்த ஃப்ளாக்ஸ்களில் ‘ஜீனா’தான் முதலிடம், வண்ணத்துப்பூச்சிகளும் அதைத்தான் அதிகம் நாடின. இரண்டில் ஒன்றென்றால் என் வாக்கு ஜீனாவுக்கு.

பூ வாடியதும் கொத்தை வெட்டிவிடுங்கள். பக்கத்தில் சிறு கொத்துகள் மீண்டும் பூக்கும், விதையும் விழாது. விதையில் முளைப்பவை தாயைப்போல் இருக்காது. பெரும்பாலும் அடர் இளஞ்சிவப்பாகி, வீரியமாக வளர்ந்து நல்ல ரகத்தை நெருக்கிவிடும். “என் வெள்ளைச் செடி நிறம் மாறிவிட்டது” என்று பலர் சொல்வது இதைத்தான். மூன்று நான்கு ஆண்டுக்கொரு முறை, ஏப்ரல் கடைசியில் தூரைத் தோண்டி, நடுவில் முற்றிய பகுதியை எறிந்துவிட்டு, ஓரப் பகுதியிலிருந்து மூன்று முதல் ஐந்து முளையுள்ள துண்டுகளை எடுத்து நடுங்கள்.

உறைபனிக்குப் பின் தண்டுகளைத் தரைமட்டத்தில் வெட்டி, உதிர்ந்த இலையோடு அகற்றுங்கள். பூஞ்சை அந்தச் சருகில்தான் குளிர்காலத்தைக் கழிக்கும், அதனால் வீட்டு மட்குத் தொட்டியில் போட வேண்டாம்.

இந்தியாவில் ஃப்ளாக்ஸ் என்று பொட்டலத்தில் விற்கும் விதை பெரும்பாலும் டெக்சாஸைப் பூர்வீகமாகக் கொண்ட ட்ரம்மண்ட் ஃப்ளாக்ஸ், ஓரடி உயர ஓராண்டுச் செடி. அதற்கு இந்தக் கவாத்தோ தூர் பிரிப்போ எதுவும் பொருந்தாது.