மாத்திரையை விடவே இல்லை, ஆனாலும் உடம்பு சரியில்லாதபோது தலைக்குள் ஷாக் அடிப்பது ஏன்?

மனச்சோர்வுக்கான மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாமல் சாப்பிட்டுவருவதாகவும், ஆனால் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து படுக்கும்போதெல்லாம் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியவர்கள் சொல்லும் அதே கிறுகிறுப்பும் தலைக்குள் ஷாக் அடிப்பதும் வருவதாகவும், வீட்டில் யாரும் இதை நம்ப மறுப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நம்ப மறுக்கிறார்கள் என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். நான் மருத்துவர் அல்ல; பல ஆண்டுகளாக வென்லாஃபாக்சின் சாப்பிட்டுவருகிறவள், அவ்வளவுதான். மாத்திரையின் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. வென்லாஃபாக்சின் அல்லது பராக்செட்டின் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு வேளை தவறினாலே உடம்பில் தெரிந்துவிடும் மாத்திரைகள் என்று பெயர் எடுத்தவை இவைதான்.

வென்லாஃபாக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம்தான் ஆகும். உடலுக்குள் அது மாறி உருவாகிற, அதே வேலையைச் செய்கிற இன்னொரு பொருள் பாதியாவதற்குச் சுமார் 11 மணி நேரம். இவ்வளவு விரைவில் வெளியேறும் மருந்து என்பதால்தான் அதை மெதுவாகக் கசிந்து இறங்கும் கேப்சூலாகக் கொடுக்கிறார்கள். அந்தக் கேப்சூலை விழுங்கிய பிறகு மருந்து ரத்தத்தில் உச்ச அளவை எட்டவே சுமார் ஐந்தரை மணி நேரம் ஆகிறது. இதன் பொருள், வயிறும் குடலும் பல மணி நேரம் அமைதியாக ஒத்துழைத்தால்தான் அன்றைய வேளை முழுமையாக உடம்பில் சேரும் என்பதே. வாந்தியும் பேதியுமாகக் கிடக்கிறவர் மாத்திரையை விழுங்கியிருக்கலாம், ஆனால் அது உடம்பில் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

எனக்கு இது கோயம்புத்தூரில், ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த வாந்தி பேதியின்போது நடந்தது. காலையில் கேப்சூலை விழுங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, அப்படியே வெளியே வந்துவிட்டது. வாஷ்பேசினில் கேப்சூலின் ஓடு பாதி கரைந்து கிடக்க, அதைச் சுற்றி ஜவ்வரிசியைவிடச் சிறிய வெள்ளை மணிகள் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். (மலத்தில் இத்தகைய மணிகளின் மிச்சம் தென்பட்டால் பயப்பட வேண்டியதில்லை, மருந்து இறங்கிய பிறகு மேல்பூச்சு மட்டும் அப்படி வெளியேறும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அரை மணி நேரத்தில் வாந்தியாக வருவது அந்தக் கணக்கில் சேராது.) மறுநாளும் ஏறக்குறைய இதே கதை என்பதால் மாலையில் பக்கத்திலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

சேர்க்கும்போது சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, ஆஸ்துமா உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். வேறு ஏதாவது மாத்திரை உண்டா என்ற கேள்விக்கு நான் வாய் திறப்பதற்குள், துணைக்கு வந்திருந்த என் சித்தி "வேற ஒண்ணும் இல்லைங்க" என்று முடித்துவிட்டார். மாத்திரை அட்டையும் அவர் கைப்பையின் அடியில் போய்விட்டது. "அதையெல்லாம் இங்க சொல்லாத கண்ணு, நாலு சொந்தக்காரங்க வந்து போற எடம்" என்றார். சித்தி கெட்டவர் அல்ல, இரவெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து வாந்தியை அள்ளியவர். ஆனாலும் சர்க்கரை மாத்திரையை எவரும் இப்படி ஒளித்து நான் பார்த்ததில்லை.

இரவில் ஆரம்பித்தது. கண்ணை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் திருப்பினால் போதும், தலைக்குள் ஒரு நொடி மின்சாரம் போய்வருவது போன்ற வெட்டு. கூடவே காதுக்குள் ஒரு சரசரப்பு. டிரிப்ஸ் பாட்டிலைப் பார்க்கத் திரும்பினால் ஒரு வெட்டு, கதவைப் பார்த்தால் இன்னொன்று. வியர்வையும், காரணமில்லாத அழுகையும், கண்ணை மூடினால் சினிமாவைப் போல ஓடும் கனவுகளும் சேர்ந்துகொண்டன. சித்தி கண்ணயர்ந்த நேரத்தில், நான் இன்ன மாத்திரை சாப்பிடுகிறேன், அது உள்ளே தங்கவில்லை என்று டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையே மாறியது. "ரொம்ப டென்ஷன் ஆகாதீங்கம்மா, நல்லாத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மனநல மாத்திரை சாப்பிடுகிறேன் என்று தெரிந்த மறு நிமிடத்திலிருந்து என் உடம்பில் நடப்பதெல்லாம் மனப் பிரமையாகிவிடுவது எனக்குப் பழகியதுதான், ஆனாலும் கையில் ஊசி குத்தியபடி படுத்திருக்கும்போது அது கூடுதலாகவே வலிக்கிறது.

காலையில் வந்த பெரிய டாக்டர் நிதானமாகக் கேட்டார், என் மனநல மருத்துவரிடம் போனில் பேசினார், ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொன்னார். 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது எனக்கு 130தான் இருந்தது. நமக்கு இந்தக் கோணம் எளிதில் தோன்றாது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இந்த வகை மாத்திரைகள் சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, தாமாகவே சோடியத்தைக் குறைக்கக்கூடியவை. அதோடு பேதியில் உப்பு வெளியேறுகிறது. வீட்டிலோ வெறும் தண்ணீரையும் இளநீரையும் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் குறிப்பிட்டுள்ள அளவுத் தண்ணீரில், பெரிய பொட்டலமானால் ஒரு லிட்டரில், கரைத்துக் கொடுப்பதுதான் சரி. சோடியம் குறைந்தாலும் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், குழப்பம் எல்லாம் வரும்; மருந்து குறைந்தாலும் ஏறக்குறைய இவையே வரும்; வெறும் வைரஸ் காய்ச்சலிலும் இவற்றில் பாதி வரும். கண் திருப்பும்போது அடிக்கும் அந்த ஷாக்தான் எனக்கு மருந்துக் குறைவைப் பிரித்துக் காட்டியது. தள்ளாட்டத்தில் சோடியத்துக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்று இரு மருத்துவர்களும் சொன்னார்கள்.

அதற்காக, ஷாக் அடிக்கிறதே என்று நீங்களாகவே இன்னொரு மாத்திரையைப் போட்டுக்கொள்ளாதீர்கள். கடுமையான தொற்றின்போது கல்லீரல் சில மருந்துகளைச் சிதைக்கும் வேகம் குறைந்து, ரத்தத்தில் அவற்றின் அளவு கூடுவதும் உண்டு. எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதை உணர்வை மட்டும் வைத்து முடிவுசெய்ய இயலாது. மேலும், மருத்துவமனையில் கொடுக்கப்படும் வேறு மருந்துகளும் இதில் குறுக்கிடுகின்றன. வலிக்குக் கொடுக்கும் டிராமடாலும், லினிசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இந்த மாத்திரைகளோடு சேரும்போது செரட்டோனின் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் பொருள் அளவுமீறி, கடும் காய்ச்சல், நடுக்கம், தசை இறுக்கம், குழப்பம் என்று ஆபத்தில் கொண்டுபோய்விடக்கூடும். சில இருமல் சிரப்புகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. டெங்கு என்றால் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் வேலையை இம்மாத்திரைகள் சற்றே மந்தப்படுத்துகின்றன. சித்தி ஒளித்த அட்டை இவ்வளவையும் சேர்த்துத்தான் ஒளித்தது.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, மாத்திரைக்கு அடிமையாகிவிட்டீர்கள்" என்று சிலர் கிளம்புவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஆசையோ, அதைத் தேடி அலையும் வெறியோ எனக்கு இல்லை. ரத்த அழுத்தத்துக்கான குளோனிடினைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறுகிறது. அதைச் சாப்பிடுகிறவரை யாரும் அடிமை என்பதில்லை. அதே சமயம், நிறுத்தும்போது வரும் தொல்லைகள் லேசானவை, தானே போய்விடும் என்று நெடுங்காலம் சொல்லிவந்ததும் சரியல்ல. பிரிட்டனின் மனநல மருத்துவர்கள் ராயல் கல்லூரியே 2019-இல் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, சிலருக்கு இவை கடுமையாகவும் நீண்டும் இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டது.

என் விஷயத்தில், வாந்தி நின்றதும் மருத்துவர் சொன்னபடி வழக்கமான அளவையே தொடர்ந்தேன், ஷாக் படிப்படியாக ஓய்ந்தது. இனி இப்படி வந்தால் மாத்திரை விழுங்கிய நேரத்தையும் வாந்தி எடுத்த நேரத்தையும் குறித்துவைத்து, உங்கள் மனநல மருத்துவரிடம் அன்றைக்கே போனில் கேளுங்கள். குழப்பம், வலிப்பு, தசை விறைப்பு இவற்றில் எது தென்பட்டாலும் போனில் பேசிக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். நாள்கணக்கில் உடம்பில் தங்கும் ஃப்ளூஆக்செட்டினுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காதா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு வேளை தவறினால் தெரியாது என்பது உண்மைதான், நானும் அதைக் கேட்டேன். ஆனால் எப்போதாவது வரும் வயிற்றுப்போக்குக்காக, நன்றாக வேலை செய்கிற மருந்தை மாற்ற வேண்டாம் என்று என் மருத்துவர் சொல்லிவிட்டதால் நான் மாறவில்லை.