ஓவியமும் நாடகமும் பாடமாகுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் குடிவந்தவர்கள் நாங்கள். மகள் சாட்ஸ்வொர்த்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் என்னென்ன பாடம் வேண்டும் என்று எழுதித் தரச்சொல்லிப் பள்ளியில் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அவள் விஷுவல் ஆர்ட்ஸ், டிராமாட்டிக் ஆர்ட்ஸ் இரண்டுக்கும் டிக் போட்டுவிட்டாள். மூன்றாவதாக லைஃப் சயின்ஸ். கணக்குக்குப் பதில் மேத்ஸ் லிட்டரசி (அன்றாட வாழ்க்கைக்கான எளிய கணக்கு) போதும், அப்போதுதான் வரைய நேரம் கிடைக்கும் என்கிறாள்.

"படம் வரைஞ்சும் வேஷம் கட்டியும் எவன் பொழச்சான்? இதுக்கா கடல் தாண்டி வந்தோம்?" என்று என் கணவர் சத்தம் போட்டார். அதிலிருந்து அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலும் மனசு கேட்கவில்லை. எந்நேரமும் போனில் விரலால் எதையாவது வரைந்துகொண்டே இருக்கிறாள். அதெல்லாம் ஓவியக் கணக்கில் வருமா என்பதும் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இங்கேயே பல காலம் இருப்பவர். உங்கள் அபிப்பிராயம் என்ன?

இப்படிக்கு,
ஒரு தாய், டர்பன்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பகீரென்றது ஒரே இடத்தில்தான். மேத்ஸ் லிட்டரசி. வீட்டில் சண்டை ஓவியத்தைப் பற்றி நடக்கிறது, ஆனால் பிள்ளையின் வழியை அடைக்கக்கூடியது அந்த டிக்தான்.

மெட்ரிக்குக்கு, அதாவது இங்கே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு, ஏழு பாடங்கள். இரண்டு மொழி, மேத்ஸ் அல்லது மேத்ஸ் லிட்டரசி, லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடம். மீதி மூன்றுதான் நம் விருப்பம். விஷுவல் ஆர்ட்ஸும் டிராமாட்டிக் ஆர்ட்ஸும் அந்த மூன்றில் முழு மதிப்புள்ள பாடங்கள். பட்டப்படிப்புக்குத் தகுதி பார்க்கும்போது வரலாறு, புவியியல் மதிப்பெண்ணை எப்படி எடுத்துக்கொள்கிறார்களோ அப்படியே இவற்றையும் எடுத்துக்கொள்கிறார்கள். மேத்ஸ் லிட்டரசி அப்படியில்லை. அதை எடுத்த பிள்ளைக்குப் பொறியியல், மருத்துவம், கணினி அறிவியல், அக்கவுன்டிங் எல்லாம் பதினைந்து வயதிலேயே கைநழுவிப் போகின்றன. பிறகு மேத்ஸுக்குத் திரும்புவது லேசில் நடக்கிற காரியமில்லை. நாளைக்கே அவளுக்கு அனிமேஷனிலோ கேம் செய்வதிலோ ஆசை வந்தால் அங்கேயும் வடிவியலும் ஆயத்தொலைவும்தான் முன்னால் வந்து நிற்கும். அதனால் மேத்ஸை விடச்சொல்லாதீர்கள். அவள் அப்பாவின் பயத்தில் முக்கால்வாசி இந்த ஒரு திருத்தத்திலேயே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1860 நவம்பர் 16-ம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் இங்கே வந்து இறங்கியவர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்கள். அந்தக் காலத்தில் அப்படி வந்த நம் ஜனங்கள் கூத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வரவில்லை. கோயில் திருவிழாக்களில் விடிய விடிய ஆடிய தெருக்கூத்தை இங்கே பழைய ஆட்கள் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்கள். டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதியின் கோயில்களின் கதையைப் பேசினால் கொத்தனார் ராமசாமி பிள்ளை, கிருஷ்டப்பா ரெட்டி என்ற பெயர்கள் வராமல் இருக்காது. சுதையிலும் வண்ணத்திலும் வேலை செய்து இங்கே கோயில்களை எழுப்பியவர்கள் அவர்கள். அது அவர்களுக்குத் தொழிலாகவே இருந்தது.

நாடகத்துக்கு வாருங்கள். 1964-ல் டர்பனில் ஷா தியேட்டர் அகாடமி தொடங்கியது. அதில் முன்னின்ற நாடக ஆசிரியர் ரோனி கோவிந்தர் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் பிறந்தவர். நம்மவர் வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசுகிற டர்பன் ஆங்கிலத்தை அப்படியே மேடையில் பேசவைத்தார். எந்த இனத்தார் எந்தப் பகுதியில் குடியிருக்கவேண்டும் என்று நிறவெறி அரசு பிரித்துவைத்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி கேட்டோ மேனரிலிருந்து ஜனங்களைக் கிளப்பி, நீங்கள் இப்போது இருக்கும் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்களே, அந்தக் கேட்டோ மேனரின் வாழ்க்கை அவர் எழுத்தில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஸ்டேபிள் தியேட்டரை உண்டாக்கிய கெஸ்ஸி கோவிந்தர் செங்கல் அடுக்கும் கொத்தனார் வேலை பார்த்தவர். கட்டட வேலையில் கண்டதையே நாடகமாக எழுதினார்.

இவர்கள் நாடகத்தை மட்டும் நம்பிப் பிழைத்தார்களா என்றால், இல்லை. ரோனி கோவிந்தர் பள்ளி ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் வேலை பார்த்தார். உங்கள் கணவரிடம் இதை மறைக்க வேண்டாம். அந்தக் காலத்தைவிட இன்று வழிகள் கூடியிருக்கின்றன. விளம்பரம், சினிமா, இணையதள வடிவமைப்பு, கேம், கட்டடக்கலை என்று போகலாம். கட்டடக்கலைக்கும் கிராஃபிக் டிசைனுக்கும் மதிப்பெண்ணோடு போர்ட்ஃபோலியோவும், அதாவது தான் செய்த படைப்புகளின் தொகுப்பும், கேட்கிறார்கள். பள்ளியில் மூன்று வருடம் விஷுவல் ஆர்ட்ஸ் படித்த பிள்ளையிடம் அது தானாகவே சேர்ந்திருக்கும். வேலை கட்டாயம் கிடைக்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. அக்கவுன்டிங் படித்தவருக்கும் இந்த நாட்டில் அப்படி வாக்குக் கொடுக்க முடியாது.

பள்ளியில் ஓவியப் பாடம் என்றால் வாரத்துக்கு இரண்டு பீரியட் பூ வரைந்துவிட்டு வருவது என்றுதான் நம் ஊர் நினைப்பு. இங்கே அப்படி நடப்பதில்லை. ஒருமுறை பள்ளிக்குப் போய், மெட்ரிக் பிள்ளைகளின் சோர்ஸ்புக்கைக் காட்டச்சொல்லிப் பாருங்கள். இறுதியில் சுவரில் மாட்டப்போகும் படத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளை என்ன பார்த்தது, என்ன யோசித்தது, எதை வேண்டாமென்று விட்டது என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கவேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு.

நான் பார்த்த ஒரு புத்தகத்தில், காவடிக்குச் சாமந்தி தொடுக்கும் ஆயாவின் கையை ஒரு பெண் பக்கம் பக்கமாக வரைந்திருந்தாள். முதலில் பென்சில். கட்டைவிரல் மடங்குகிற இடம் சரியாக வராமல் அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டிருந்தாள். அடுத்து அதே கையைப் போனில் படமெடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று, டியூப் லைட்டில் ஒன்று என்று ஒட்டி, எதில் நரம்பு தெரிகிறது என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். பசை வைத்து ஒட்டி ஒட்டிப் புத்தகமே உப்பிப்போய் மூட முடியாமல் இருந்தது. அவ்வளவு பொறுமையாக ஒரு பொருளைப் பார்க்கப் பழகிய பிள்ளை எந்தப் படிப்புக்குப் போனாலும் அந்தக் கண் கூடவே போகும். இறுதித் தேர்வுக்கான படைப்பைப் பள்ளியிலேயே, ஆசிரியர் முன்னிலையில்தான் செய்து முடிக்கவேண்டும். கணினியே நொடியில் படம் போட்டுத் தருகிற இந்தக் காலத்தில், கையும் யோசனையும் பிள்ளையுடையதுதான் என்று காட்டுகிற பாடம் இது. எழுத்துத் தேர்வு தனியாக உண்டு. ஜெரார்ட் செகோட்டோ, ஜார்ஜ் பெம்பா போன்ற கறுப்பின ஓவியர்களும், நிறவெறிக்கு எதிராக எழுந்த எதிர்ப்புக் கலையும் அதில் வரும். இந்த நாட்டில் வாழப்போகிற நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

போனில் வரைவது ஓவியமா என்று கேட்டிருந்தீர்கள். ஓவியம்தான். ஜோஹன்னஸ்பர்க்கின் வில்லியம் கென்ட்ரிட்ஜ் உலகமறிந்த கலைஞர். தாளில் கரித்துண்டால் ஒரு படம் வரைவார். கேமராவில் ஒரு ஃபிரேம் எடுப்பார். கொஞ்சம் அழித்து, கொஞ்சம் மாற்றி வரைந்து, இன்னொரு ஃபிரேம். இப்படியே ஒரு படம் சினிமாவாக நகரும். அழித்த கரியின் மங்கல் தாளிலேயே தங்கிவிடுவதால், கை உயர்த்தும் மனிதனுக்குப் பின்னால் அவன் கை முன்பு இருந்த இடமும் தெரியும். இவர் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்துவிட்டு, பாரிஸில் நாடகம் பயின்று, பொம்மலாட்டக் குழுவோடு மேடையிலும் வேலை செய்தவர். ஓவியம், நாடகம், சினிமா மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கின்றன. இதை உங்கள் மகள் இந்தச் சனிக்கிழமையே வீட்டில் செய்து பார்க்கலாம். போனை ஆடாமல் நிறுத்த நாலைந்து புத்தகம், ஒரு மேஜை விளக்கு, கரித்துண்டு, ரப்பர், தடித்த தாள் போதும். ஜன்னலை மூடிவிடச் சொல்லுங்கள். வெயில் மாறினால் ஃபிரேமுக்கு ஃபிரேம் வெளிச்சம் துள்ளும். வீட்டில் கணினி இருந்தால், வரைவதற்கும் அனிமேஷனுக்குமான கிரிட்டா, பிளெண்டர் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். ஆனால் காகிதத்தில் வரைவதையும் விடக்கூடாது. திரையில் தப்பான கோட்டை ஒரு தட்டில் இல்லாமல் செய்துவிடலாம், அதனால் ஏன் தப்பானது என்று கை கற்றுக்கொள்வதில்லை.

விஷுவல் ஆர்ட்ஸும் டிராமாட்டிக் ஆர்ட்ஸும் சேர்த்து எடுக்கலாமா? என் அபிப்பிராயம், ஒன்று போதும். இரண்டிலும் செய்முறை வேலை மலைபோல் உண்டு. மெட்ரிக் வருடத்தின் பிற்பகுதியில் ஒரு பக்கம் படம் முடிக்கவேண்டும், இன்னொரு பக்கம் தேர்வாளர் முன்னால் நடித்துக் காட்டவேண்டும், நடுவில் மேத்ஸ். உங்கள் கடிதத்தில் அவள் வரைகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், நடிக்கிறாள் என்று எங்கும் இல்லை. அதனால் விஷுவல் ஆர்ட்ஸை வைத்துக்கொள்ளட்டும். நாடகத்தைப் பள்ளி மேடையிலும் கோயில் விழாவிலும் தொடரலாம். மூன்றாவது இடத்துக்கு ஃபிசிக்கல் சயின்ஸா வேறொன்றா என்பதை அவளும் அவள் அப்பாவும் உட்கார்ந்து பேசட்டும். பொறியியல் பக்கம் துளியும் எண்ணம் இருந்தால் ஃபிசிக்கல் சயின்ஸ் தேவைப்படும். எண்ணமே இல்லாத பிள்ளைமேல் அதைச் சுமத்தி, குறைந்த மதிப்பெண்ணோடு வெளியே வரவைப்பதில் யாருக்கும் லாபமில்லை.

படிவம் கொடுப்பதற்கு முன் பள்ளியில் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். வண்ணம், தாள், கேன்வாஸ் செலவு யார் பொறுப்பு? ஓவிய ஆசிரியர் நிரந்தரமா, தற்காலிகமா? பத்தாம் வகுப்பின் முதல் டெர்மில் பாடம் மாற்ற நினைத்தால் எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்? ஓவிய ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த சோர்ஸ்புக்கை அவர் கையிலேயே வாங்கிப் புரட்டிப் பார்க்கட்டும்.

அன்புடன்,
டர்பனிலிருந்து