அரை மிளகு அளவுக் கல்லும் ஒரு படிப்பும்

ஐயா, வணக்கம்.

சனிக்கிழமை உங்கள் மகள் என் மேசையில் ஒரு மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்தாள். உள்ளே பஞ்சின் மேல், அரை மிளகு அளவில், பழுப்பாக ஒரு சிறுநீரகக் கல். "போன மாசம் அப்பாவுக்கு வெளிய வந்தது மேடம்" என்றாள். நீட் மறுபடி எழுத வைக்கலாமா என்று நீங்கள் போனில் கேட்டிருந்தீர்கள். அவள் கேட்டதோ வேறு: "நாலு பேரும் அதே போர் தண்ணியத்தான் குடிக்கிறோம். அப்பாவுக்கு மட்டும் ஏன்?"

தண்ணீர் குறைந்தால் கல் வரும் என்பது சரிதான், ஆனால் பாதிக் கதை. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட், அதாவது சிறுநீரில் கால்சியமும் ஆக்சலேட் என்ற கழிவும் சேர்ந்து உண்டாகும் உப்பு. கல்லே வராதவர் சிறுநீரிலும் அந்தப் படிகங்கள் உண்டாகத்தான் செய்கின்றன. சிறுநீரகத்தின் நுண்குழாய்களைச் சில நிமிடங்களில் கடந்து போய்விடுவதால் அவற்றுக்குப் பெரிதாக வளர நேரமில்லை. கல்லாக வேண்டுமென்றால் எங்காவது ஒட்டிக்கொள்ள வேண்டும். குழாய்ச் சுவரின் செல் நல்ல நிலையில் இருந்தால் அது எளிதில் நடக்காது. ஆக்சலேட் மிகுந்தால் செல்லுக்குள் ஃப்ரீ ரேடிக்கல்கள் என்ற, எதையும் தாக்கும் நிலையற்ற மூலக்கூறுகள் பெருகி, சவ்வின் கொழுப்பு கெடுகிறது. சவ்வின் உள்பக்கம் இருக்க வேண்டிய பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளியே திரும்பி, படிகத்துக்குப் பிடி கொடுக்கிறது. காயம் ஆறும் செல்களின் மேல் வரும் ஹயலூரோனன் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி போன்றவையும் அதே வேலையைச் செய்கின்றன. செத்த செல்லின் சவ்வுத் துணுக்குகள் மேலேயே புதுப் படிகம் முளைக்கலாம். ஒட்டிய படிகம் பக்கத்துச் செல்லையும் கெடுக்கும். காரை பெயர்ந்த சுவரில்தானே பாசி பிடிக்கிறது?

எல்லாக் கல்லும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. சிறுநீரகத்தின் உள்ளே சிறுநீர் வடியும் கூம்புகளின் முனையில், திசுவுக்குள் படியும் சுண்ணத் திட்டின் மேல் கல் வளர்வதை 1937-ல் அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் ரேண்டல் காட்டினார். அந்தத் திட்டு முதலில் ஏன் படிகிறது என்பதில் இன்றும் வாதம் ஓடுகிறது. இதைச் சொன்னதும் உங்கள் பெண்ணின் முகம் மலர்ந்தது. எனக்கு அது மதிப்பெண் பட்டியலை விடப் பெரிய தகவல்.

இந்தக் கேள்விக்கான படிப்பு உயிர்வேதியியல், உடலுக்குள் நடக்கும் வேதியியலைப் படிப்பது. "நீட் கிடைக்காதவங்க சேர்ற கோர்ஸ்தானே" என்றீர்கள். ஐயா, அந்தப் பேச்சை அவள் முன்னால் வேண்டாம். நம் தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உயிர்வேதியியல் துறையில், கல்லுக்கும் ஃப்ரீ ரேடிக்கல் சேதத்துக்குமான தொடர்பை 1990-களிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள்.

பாதை நீளம்தான், மறைக்கவில்லை. பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, பிஎச்.டி. பெரும்பாலும் ஐந்து வருடம்போல ஆகும். தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. கிடைக்காவிட்டால் கையைக் கடிக்கும். எம்.எஸ்சி.யோடு நிறுத்திக்கொண்டால் மருத்துவமனை ஆய்வகம், மருந்துக் கம்பெனி என்று வேலை உண்டு; தொடக்கச் சம்பளம் சுமார்தான். சிறுநீரகம் சார்ந்த இன்னொரு படிப்பான டயாலிசிஸ் டெக்னாலஜியில் சீக்கிரம் வேலை கிடைக்கும், நல்ல படிப்பு. ஆனால் அது கருவியோடும் நோயாளியோடும் நிற்கிற வேலை, இவள் கேள்வி அங்கே இல்லை.

நீட் இன்னொரு முறை எழுதட்டுமா என்பதை அவளிடமே கேளுங்கள். "கட்டாயம் டாக்டர்தான்" என்று அவள் என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

டப்பாவை இங்கேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். வரும்போது வாங்கிக்கொண்டு உங்கள் டாக்டரிடம் கொடுங்கள். என்ன வகைக் கல் என்று ஆய்வகத்தில் பார்த்துச் சொல்வார்கள்.