வாசகர் கேள்வி: புகாராவில் ஒரு நாள்

கேள்வி: வாப்பாவுக்கு எழுபது வயதாகிறது. நபிமொழிகளைத் தொகுத்த இமாம் புகாரி பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. குடும்பமாக உஸ்பெகிஸ்தான் போகிறோம், புகாராவில் ஒரு நாள்தான். முழங்கால் நோவோடு அவரால் பழைய நகரை நடந்து பார்க்க முடியுமா? இமாம் அடங்கியிருக்கும் ஸியாரம் எந்தப் பக்கம்?
- வாசகி, சாய்ந்தமருது

பதில்: ஸியாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், புகாராவில் போய்த் தேடினால் வாப்பாவின் மனம் நொந்துபோகும். இமாம் 810இல் பிறந்ததுதான் புகாராவில். 870இல் வஃபாத்தானது சமர்கந்துக்குப் பக்கத்துக் கிராமமான கர்தங்கில், அடக்கமும் அங்கேதான். அதைச் சமர்கந்தில் நிற்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரிய கட்டட வேலை நடந்தது, திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நடக்கலாம், தாராளமாக. ஊர் சமதரை. லியாபி ஹவுஸ் குளத்தடியில் தொடங்கி ஆர்க் கோட்டை வரை ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். ஹவுஸ் என்றால் வேறொன்றுமில்லை, நம் பள்ளிவாசல்களில் வுளூ எடுக்கும் ஹவுள் தொட்டிதான், அதே அரபுச் சொல். ஒரு காலத்தில் ஊர் முழுக்க இப்படிக் குளங்கள் இருந்தன, மக்கள் அதையே குடித்தார்கள், நரம்புச் சிலந்தி நோயும் அதிலிருந்தே பரவியது என்பதால் சோவியத் காலத்தில் பெரும்பாலானவற்றைத் தூர்த்துவிட்டார்கள். 1620இல் வெட்டிய இந்தக் குளம் தப்பியது. கரையில் முசுக்கொட்டை மரநிழல், அங்கேயே காலைத் தேநீரைக் குடித்துவிட்டு நடையைத் தொடங்குங்கள்.

அப்புறம் காசு மாற்றுபவர்கள், தொப்பி விற்பவர்கள், நகைக்காரர்கள் என்று ஒவ்வொரு தொழிலின் பெயரிலும் குவிமாடச் சந்தைகள் வரும். உள்ளே குளிர்ச்சி, ஆறுதலாக நடக்கலாம். அவற்றைத் தாண்டியதும் கல்யான் மினாரா. 1127இல் கட்டியது, உயரம் ஏறக்குறைய 46 மீற்றர். பக்கத்தில் 288 குவிமாடங்களுள்ள பள்ளிவாசல், எதிரே மீர் இ அரப் மத்ரஸா. மத்ரஸாவில் இன்றும் பிள்ளைகள் ஓதுகிறார்கள், அதனால் வாசலோடு நின்றுவிட வேண்டும். நீங்கள் அவசரப்படக் கூடாத இடம் இந்த முற்றம்தான்! வாப்பாவை இருத்தி ஒரு மணி நேரமாவது விட்டுவிடுங்கள்.

ஆர்க் வாசலுக்கு மேடேற வேண்டும். நீங்கள் ஏறுங்கள், அவர் எதிரேயுள்ள போலோ ஹவுஸ் பள்ளிவாசலில், இருபது மரத்தூண்களின் கீழ் இருக்கட்டும். ஜூலை, ஓகஸ்ட் வேண்டாம். நம்மூர் வியர்வை வெயில் இல்லை அது, நாற்பது பாகை வரும் வறண்ட காய்ச்சல். ஏப்ரல் அல்லது ஒக்டோபர் நல்லது.

கேள்வி: செங்கிஸ்கான் புகாராவை அழித்தார் என்று படித்தேன். அப்படியென்றால் இப்போது காட்டும் பழைய நகரம் எது?
- மாணவர், மட்டக்களப்பு

பதில்: நல்ல கேள்வி. அழிவு நடந்தது 1220இல். இப்போது பார்ப்பதில் பெரும்பகுதி அதற்குப் பின், முக்கியமாக 16, 17ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தது. முந்தியதில் மிஞ்சியவற்றில் ஒன்று கல்யான் மினாரா. இன்னொன்று ஊரின் மேற்கே, பூங்காவுக்குள் இருக்கும் சாமானியர் என்ற அரச வம்சத்தின் கல்லறை, 10ஆம் நூற்றாண்டுக் கட்டடம். மண் மூடிப் பாதி புதைந்து கிடந்ததால் தப்பியது என்கிறார்கள், 20ஆம் நூற்றாண்டில்தான் மண்ணை அகற்றி முழுதாக வெளியே எடுத்தார்கள். சாயமில்லை, நீல ஓடில்லை, சுட்ட செங்கல்லை நிமிர்த்தியும் படுக்கவைத்தும் சாய்த்துமே பாய் பின்னியதுபோலச் சுவரை எழுப்பியிருக்கிறார்கள். வெயில் சாயச் சாய அந்தப் பின்னல் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் காலையில் ஒரு தடவையும் அஸருக்குப் பின் ஒரு தடவையும் போய்ப் பார்க்க வேண்டும்.