வீட்டை ஒட்டாமல் தனியாக ஒரு கார் ஷெட்டை நாமே போட முடியுமா? என்னென்ன கவனிக்க வேண்டும்?

முடியும். வெல்டிங்குக்கு மட்டும் இரண்டு நாள் ஆள் வைத்துக்கொண்டால் மீதி வேலையை இரண்டு பேர் பார்த்துவிடலாம். ஆனால் பலரும் கூரையைத் தாங்குவதற்குத்தான் ஷெட் போடுகிறார்கள். அது பறக்காமல் பிடித்து வைப்பதற்குப் போட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 20 அடிக்கு 14 அடி தகரக் கூரை, அதன் கீழே இருக்கும் பைப் எல்லாம் சேர்த்து எடை சுமார் 310 கிலோதான். நம் காற்றுத் தரநிலையில் (ஐ.எஸ். 875, பகுதி 3) சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், மதுரைக்கும் கோவைக்கும் 39. வேகத்தை வேகத்தால் பெருக்கி 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். சென்னைக்குச் சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ. கூரை தாழ்வாக இருப்பது, சுற்றிலும் வீடுகள் இருப்பது எல்லாம் கழித்து 90 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 26 சதுர மீட்டர் கூரையை 2300 கிலோவுக்கு மேல் மேல்நோக்கி இழுக்கும். மூன்று பக்கம் சுவர் அடைத்து முன்பக்கத்தைத் திறந்து விட்டால் உள்ளே புகுந்த காற்றுக்குப் போக வழியில்லாமல் இன்னும் அதிகமாகத் தூக்கும். கதவு போடுவதாக இல்லையென்றால் நான்கு பக்கமும் திறந்தே இருக்கட்டும்.

அளவை பைப்பின் நீளத்திலிருந்து ஆரம்பியுங்கள். கடையில் பைப் 20 அடி (6 மீட்டர்) நீளத்தில் வருகிறது. நீளவாக்கில் 9 அடிக்கு ஒரு தூணாக மூன்று, அகலவாக்கில் 12 அடி இடைவெளி, மொத்தம் ஆறு தூண். நீளவாக்கில் இரு முனையிலும் ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே நீட்டினால் பர்லின் (தகரத்தைத் தாங்க நீளவாக்கில் போகும் பைப்) ஒட்டுப்போடாமல் ஒரே பைப்பாக வந்துவிடும். தூணுக்கு 75 மி.மீ. சதுர பைப், 3 மி.மீ. கனம். உயரப் பக்கம் 9 அடி 3 அங்குலம், தாழ்ந்த பக்கம் 8 அடி. ஒரு பைப்பில் இரண்டு தூணும் வந்துவிடும். ஆக மூன்று பைப். குறுக்கே போகும் ராஃப்டருக்கு 100க்கு 50, 3 மி.மீ. கனத்தில் மூன்று. ஒவ்வொன்றிலும் 14 அடிக்குச் சற்று அதிகமாக வெட்டியது போக மிஞ்சுவதில் இரண்டரை அடிச் சாய்வு முட்டு இரண்டு எடுக்கலாம். இந்த முட்டு இல்லாவிட்டால் ஷெட் பக்கவாட்டில் ஆடும். பர்லினுக்கு 80க்கு 40, 2.5 மி.மீ. கனத்தில் நான்கு. மொத்தம் பத்துப் பைப், வீணாவது மிகக் கொஞ்சம்.

குழி 2 அடிக்கு 2 அடி, ஆழம் இரண்டரை. ஒரு குழியின் கான்கிரீட் சுமார் 680 கிலோ. நடுத்தூணை மேலே இழுக்கும் விசை, கூரையின் எடை போக, 460 கிலோவை ஒட்டி வரும். ஒன்றரை அடிக் குழியில் 2 அடி ஆழம் போட்டால் கான்கிரீட் 300 கிலோ சொச்சம்தான், போதாது. கரிசல் மண்ணில் வெயிலில் வெடிப்பு விழும், மழையில் மண் உப்பும். அங்கே மூன்றரை அடியாவது போங்கள். சிமெண்ட் 1, எம்-சாண்ட் ஒன்றரை, 20 மி.மீ. ஜல்லி 3. ஆறு குழிக்கும் ஏறக்குறைய 14 மூட்டை. அடியில் 10 மி.மீ. கம்பியில் ஜாலி கட்டி, நான்கு கம்பியை நிமிர்த்தி விடுங்கள். கான்கிரீட்டின் தலை தரைக்கு மேல் 6 அங்குலம் நிற்கட்டும். தரைமட்டத்தில் விட்டால் கார் கழுவும் தண்ணீர் தேங்கி, தூண் அடியிலிருந்து அரித்துக்கொண்டு வரும்.

குழி தோண்டுமுன் மூலைவிட்டத்தை அளந்துவிடுங்கள். 12க்கு 18-க்கு இரண்டு மூலைவிட்டமும் 21 அடி 7½ அங்குலம் இருக்க வேண்டும். கான்கிரீட்டில் புதைக்க, அடி வளைந்த 16 மி.மீ. ஜே போல்ட், ஒன்றரை அடி நீளம், தூணுக்கு நான்கு. தூணின் அடியில் வரும் 200 மி.மீ. சதுர பேஸ் பிளேட்டின் ஓட்டைகளை அப்படியே ஒரு பிளைவுட் துண்டில் போட்டு, அதில் போல்ட்டை மாட்டி இறக்குங்கள். கையால் குத்தினால் ஒரு போல்ட்டாவது சாய்ந்துவிடும், அப்புறம் பிளேட் இறங்காது. ஏழு நாள் தண்ணீர் விட்ட பிறகு தூணை நிறுத்துங்கள். பிளேட்டுக்குக் கீழே ஒரு நட்டு, மேலே ஒரு நட்டு. கீழ் நட்டைத் திருகித்தான் தூணை நேராக்குவது. கடைசியில் இடுக்கில் கலவை அடைத்துவிடுங்கள்.

வெல்டிங்கில் 2.5 மி.மீ. ராடு, 70-80 ஆம்பியர். அதற்கு மேல் ஏற்றினால் மெல்லிய பைப்பில் ஓட்டை விழும். பர்லின் ராஃப்டரைத் தொடும் இடத்தில் இரண்டு பக்கமும் முழுதாகப் பற்ற வைக்கச் சொல்லுங்கள். நாலு பொட்டு வைத்துவிட்டுப் போவார்கள், புயலில் முதலில் பிய்வது அதுதான். திறந்த பைப் முனைகளைத் தகடு வைத்து மூடுங்கள். ரெட் ஆக்ஸைடு அடிப்பதைத் தூக்கி நிறுத்துமுன் முடிப்பது சுலபம். காரை அந்தப் பக்கமே விடாதீர்கள். கட்டரின் தீப்பொறி கண்ணாடியில் ஒட்டிக் குழி போட்டுவிடும்.

கூரைக்கு 0.5 மி.மீ. கலர் தகரம், வெளிர் நிறம். ஒரு தகடு ஒரு மீட்டர் மூடினால் ஆறு போதும், வாங்குமுன் அளந்து பாருங்கள். ஸ்க்ரூ தகட்டின் மேட்டில் போகட்டும், 55 மி.மீ. நீளம், ரப்பர் வாஷரோடு, சுமார் 150. ஓரத்துப் பர்லின்களில் ஒரு மேட்டையும் விடாதீர்கள், காற்று முதலில் தூக்குவது ஓரத்தைத்தான். வாஷர் லேசாகப் பிதுங்கும்போது நிறுத்த வேண்டும். மேடு நசுங்கினால் அங்கே தண்ணீர் நிற்கும். தகட்டைக் கட்டரால் வெட்டாதீர்கள், சூடு பூச்சை எரித்துவிடும். தகரக் கத்திரி போதும். ஸ்க்ரூ போடும்போது விழும் இரும்புத்தூளை அன்று மாலையே துடைப்பத்தால் பெருக்கிவிடுங்கள். ஒரு ராத்திரிப் பனி பட்டாலே ஒவ்வொரு தூளும் ஒரு துருப்பொட்டாக மாறி, பூச்சில் பதிந்துவிடும்.

தரைக்குக் கிராவல் கொட்டி நன்றாகக் கெட்டித்து, 4 அங்குலம் கான்கிரீட், வாசல் பக்கம் 2 அங்குலம் வாட்டம். கூரைத் தண்ணீர் அடுத்தவர் மனையில் விழாதபடி சாய்வை உங்கள் பக்கமே வையுங்கள்.