பதில்: 29 வாரக் கர்ப்பம், புரண்டு படுத்தால் இடுப்பில் குத்துகிறது

சகோதரி, படுக்கையில் புரளும்போதும் மன்னார்குடி பஸ்ஸில் ஏறும்போதும் பின்னிடுப்பில் வலப்பக்கம் குத்துகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் இது இடுப்பெலும்பு மூட்டு வலிதான். ஒரே காலில் பாரம் விழுந்தால் கூடும். ஆகவே குடத்தை இடுப்பில் இடுக்குவதையும், நின்றபடி பாவாடைக்குள் கால் விடுவதையும் முதலில் நிறுத்துங்கள்.

புரளும்போது முழங்கால்களை மடக்கி, நடுவே தலையணை வைத்து இறுக்கி, மூச்சை விட்டபடி தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். கால் முன்னே போய் உடம்பு பின்னே வந்தால்தான் அந்தக் குத்தல். படியேற வலிக்காத இடக்கால் முதலில், இறங்க வலிக்கிற வலக்கால் முதலில்.

தவழும் நிலையில் முதுகை மெல்ல மேலே வளைத்து, பிறகு நேராக்குங்கள். 10 முறை, காலை மாலை. கீழே தொய்ய விடாதீர்கள்.

கர்ப்பிணிகள் இடுப்புக்குத் தாங்கலாகக் கட்டும் பெல்ட்டைப் பலர் வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு பலனில்லை என்கிறார்கள். அது வயிற்றுக்குக் கீழே, இடுப்பைச் சுற்றி வர வேண்டும்; படுக்கும்போது கழற்றிவிடுங்கள். வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

பிரசவ வலி போல விட்டுவிட்டு வலித்தால், ரத்தமோ நீரோ கசிந்தால், கால் மரத்துப்போனால், சிறுநீர் அடக்க முடியாவிட்டால் பயிற்சியை விட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.