துரையின் காட்டு பங்களா: தங்கியிருப்பது உரிமையா, அனுமதியா?

கேள்வி (சுருக்கப்பட்டது): மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ஒரு பழைய தோட்டத்தின் காட்டோரத்தில் பலகை பங்களா ஒன்று இருக்கிறது. ஜப்பான்காரர் வருவதற்கு முன்பே துரைமார் ஓய்வெடுக்கக் கட்டியது. என் தாத்தா அதன் காவல்காரர். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியால் வந்த 1948 அவசரகாலத்தில் துரையே பட்டணத்துக்குப் போய்விட்டபோதும் அவர் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. 1963-இல் இருந்த மானேஜர், "நீயே இருந்து பார்த்துக்கொள்" என்று வாயால் சொன்னார். அன்று முதல் நாங்கள்தான் அங்கே இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் உள்ள அரை ஏக்கர் காய்கறித் தோட்டம் அரசு நிலம். அதற்கு அப்பா பெயரில் டி.ஓ.எல். (அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் உரிமம்) இருந்தது. அவர் 2011-இல் இறந்த பிறகும் அவர் பெயரிலேயே பணம் கட்டி வருகிறேன். 2019 முதல், காட்டுக்குள் பழைய வீட்டில் தங்க விரும்பி நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஓர் இரவுக்கு 250 ரிங்கிட் வாங்கிக்கொண்டு வீட்டின் முன்பகுதியை விடுகிறேன். இப்போது தோட்டத்தை வாங்கியிருக்கும் நிறுவனம் 30 நாளில் வெளியேறச் சொல்லி வக்கீல் கடிதம் அனுப்பியிருக்கிறது. புதிய மானேஜர் 78 வயதான என் அம்மாவைத் "திருட்டுக் குடியேறி" என்று பேசினார். இத்தனை ஆண்டு இருந்த வீடு எங்களுக்குச் சொந்தம் ஆகாதா? பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கச் செய்து காப்பாற்ற முடியாதா? பள்ளி விடுமுறைக்கு வந்திருக்கும் முன்பதிவுப் பணத்தை வைத்து வழக்கு நடத்தலாம் என்று இருக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி அந்த மானேஜர் பேசிய பேச்சையும், உங்கள் பக்கம் நிற்காத உறவினர்களையும் பற்றியது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயை வாசலில் நிறுத்தி அப்படிப் பேசியது தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சால் நிறுவனத்தின் பட்டா பலவீனம் அடையப் போவதில்லை, உங்கள் நிலை பலம் பெறப் போவதும் இல்லை. எனவே அதை இத்துடன் ஒதுக்கி வைத்துவிடுகிறேன். நீதிமன்றம் கேட்கப் போவது ஒரே ஒரு கேள்வி: நீங்கள் அங்கே இருப்பது யார் கொடுத்த, எத்தகைய அனுமதியின் பேரில், அந்த அனுமதி இன்றைய பட்டாதாரரைக் கட்டுப்படுத்துமா?

ஆண்டுக் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டு உறவினர்கள் சொல்லியோ, அங்கிருந்து வரும் காணொளிகளைப் பார்த்தோ, 12 ஆண்டு தடையின்றி அனுபவித்தால் நிலம் அனுபவித்தவருக்கே சேரும் என்று நம்பி வருகிறவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அது இந்தியச் சட்டம். நம் நாட்டில் 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம், தனியார் நிலத்துக்கு 341-ஆம் பிரிவிலும் அரசு நிலத்துக்கு 48-ஆம் பிரிவிலும், எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அதனால் மட்டும் உரிமை பிறக்காது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 1948 ஜூன் 16 அன்று உங்கள் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, காட்டோர பங்களாவில் தனியாகக் காவல் இருந்த ஒரு மனிதரின் துணிவை நான் மனமார மதிக்கிறேன். ஆயினும் நிலப் பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

அப்படியானால் என்னதான் இருக்கிறது? 1963-இல் மானேஜர் சொன்ன சொல் இருக்கிறது. உங்கள் தாத்தா காவல்காரர் என்ற முறையில் மட்டுமே அங்கே தங்கியிருந்தால், அது வேலையோடு வந்த தங்குமிடம். வேலை முடிந்த நாளிலேயே அதுவும் முடிந்துவிட்டது. அதற்கு மாறாக, வேலை முடிந்த பின்பும் குடும்பமாகத் தொடர்ந்து இருக்கலாம் என்று நிறுவனம் சொல்லி, அந்தச் சொல்லை நம்பி நீங்கள் கூரை மாற்றவும் தூண் மாற்றவும் பணம் செலவழித்து, நிறுவனமும் அதைக் கண்டு பேசாமல் இருந்திருந்தால், வெறும் அத்துமீறிக் குடியேறியவர் என்ற நிலையிலிருந்து நீங்கள் ஒரு படி மேலே நிற்கிறீர்கள். இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது. பேராக்கில் காடு வெட்டித் திருத்திப் பயிர் செய்தவர்கள் தொடுத்த வழக்கில், அத்துமீறிக் குடியேறியவருக்கு உரிமை சட்டத்திலும் இல்லை, நியாயத்தின் பெயரிலும் இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 1982-இல் கூறியது. அனுமதியின் பேரில் இருப்பதாக ஏற்கத்தக்க வாதம் வைத்திருப்பவர்களைச் முழு விசாரணை இல்லாத சுருக்க விசாரணையில் வெளியேற்ற முடியாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சிலாங்கூர் வழக்கு ஒன்றில் கூறியது. தாத்தாவின் வேலை எப்போது முடிந்தது, அதன் பின் நிறுவனத்திடமிருந்து வந்த ஒரு துண்டுக் காகிதமாவது, ஒரு பழைய கிராணியின் (தோட்ட எழுத்தரின்) கையெழுத்தாவது இருக்கிறதா என்று தேடுங்கள். உங்கள் தற்காப்பு முழுவதும் அதன் மேல்தான் நிற்க வேண்டும்.

இருந்தாலும் அந்தத் தற்காப்பை அளவுக்கு மேல் நம்ப வேண்டாம். பழைய நிறுவனம் கொடுத்த சொல் பழைய நிறுவனத்தைக் கட்டும். விலை கொடுத்து வாங்கித் தன் பெயரில் பதிந்துகொண்டவரின் பட்டா, மோசடி போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, தேசிய நிலச் சட்டத்தின் 340-ஆம் பிரிவின் கீழ் அசைக்க முடியாதது. உங்களை அங்கேயே இருக்க விடுவதாக வாங்கியவர் ஒப்புக்கொண்டார் என்று காட்டினாலொழிய, 1963-இன் வாய்ச்சொல் அவரைக் கட்டுவது கடினம். பினாங்கின் கம்போங் புவா பாலா குடியிருப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே இருந்தவர்களும் பழைய தோட்டத் தொழிலாளர்களின் வாரிசுகள். அவர்கள் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2009-இல் வீடுகள் இடிக்கப்பட்டன.

பாரம்பரியச் சின்னம் என்ற எண்ணத்துக்கு அதிக இடம் தேவையில்லை. 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் கட்டடத்தைப் பாதுகாக்கிறதே தவிர, அதில் குடியிருப்பவரைப் பாதுகாப்பதில்லை. நாளைக்கே அந்த பங்களா பதிவேட்டில் ஏறினாலும் அறிவிப்பு பட்டாதாரருக்குத்தான் போகும். நீங்கள் வெளியே நின்று பார்க்கும் வீடாகவே அது பாதுகாக்கப்படும். வீடு மட்டும் நாங்கள் புதுப்பித்தது, பலகையைப் பிரித்து எடுத்துக்கொள்கிறோம் என்ற வாதமும் சிலர் வாயில் வருகிறது. மலாய்க் கம்பங்களில் (கிராமங்களில்) தூண் மேல் நிற்கும் பலகை வீட்டை, அவர்களுடைய வழக்கத்தைக் கருதி, அசையும் சொத்தாக ஏற்ற பழைய தீர்ப்புகள் உண்டு. சிமெண்டு அடித்தளத்தின் மேல் துரை கட்டிய பங்களாவுக்கு அந்த வழி பொருந்தாது.

இனி, உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரும் கவலை தந்த வரிக்கு வருகிறேன். அது கடைசி வரி. முன்பதிவுப் பணத்தை வைத்து வழக்கு நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் போன்ற நிலையில் வந்தவர்கள் விழுந்து நான் கண்ட குழி இதுவேதான். வீட்டில் குடும்பம் இருக்கும்வரை நீதிபதியின் முன்னால் நிற்பது வயதான ஒரு தாயும், தலைமுறையாக அந்த வீட்டைப் பராமரித்த ஒரு குடும்பமும். நோட்டீஸ் கிடைத்த பிறகும் இரவுக்கு 250 ரிங்கிட் என்று வாடகை வாங்கினால், அதே நீதிபதியின் முன்னால் நிற்பது பிறர் நிலத்தில் தங்கும் விடுதி நடத்தும் வியாபாரி. நியாயத்தை நாடி வருகிறவர் தாமும் நியாயமாக நடந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் எதிர்பார்க்கிறது. "இருந்து பார்த்துக்கொள்" என்ற சொல்லுக்குள் "வாடகைக்கு விட்டுக்கொள்" என்ற பொருள் இல்லை. 2019 முதல் நீங்கள் செய்தது அந்த அனுமதியையே மீறிய செயல் என்று எதிர்த்தரப்பு வாதிட்டால், அதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது.

அதைவிடக் கசப்பானது கணக்கு. நிலத்தை விடாமல் வைத்திருந்த காலத்துக்குப் பட்டாதாரர் இழப்பீடு கேட்கலாம். வழக்கமாக, காட்டோரத்துப் பழைய பலகை வீட்டுக்கு என்ன வாடகை வரும் என்று நிரூபிப்பதில் அவர்கள்தான் திணறுவார்கள். மாதம் சில நூறு ரிங்கிட்டில் அந்த வாதம் முடிந்துவிடும். உங்கள் வழக்கில் அந்தச் சிரமத்தை நீங்களே நீக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். இணையத்தில் நீங்கள் போட்டிருக்கும் விளம்பரமும், விலையும், விருந்தினர்கள் தேதியோடு எழுதிய பாராட்டுகளும் பிரமாண வாக்குமூலத்தோடு இணைக்கப்படும். மாதத்தில் எட்டு இரவு ஆள் வந்தாலே 2,000 ரிங்கிட் ஆகிறது. வழக்கு இரண்டு ஆண்டு இழுத்தால், நோட்டீசுக்குப் பிந்தைய காலத்துக்கு மட்டும் 48,000 ரிங்கிட் என்று அவர்கள் கேட்பதற்கு உங்கள் விளம்பரமே சாட்சி. நீங்கள் வழக்குக்கென்று சேர்க்கும் ஒவ்வொரு இரவின் பணமும் உங்கள் மேல் சுமத்தப்படும் தொகையில் ஓர் இரவைக் கூட்டுகிறது. இதனோடு எதிர்த்தரப்பின் வழக்குச் செலவும் சேரும். வீட்டை இழந்து வெளியே வந்தவர்கள், அதன் பிறகு கடனாளியாகவும் நின்றதை நான் கண்டிருக்கிறேன். அந்த இரண்டாவது அடியைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

விளம்பரத்தை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அதன் படத்தை அவர்கள் ஏற்கனவே எடுத்து வைத்திருப்பார்கள். நடந்ததை மறைக்க முயன்றதாகத் தோன்றினால் அது தனிக் கெடுதல். புதிய முன்பதிவை நிறுத்தி, வாங்கிய முன்பணத்தைத் திருப்பி அனுப்பி, நிறுத்திய தேதியை எழுத்தில் பதிந்து வையுங்கள்.

விருந்தினர்களைப் பற்றி இன்னொரு அச்சமும் எனக்கு உண்டு. மண்ணெண்ணெய் விளக்கும் விறகடுப்பும் வைத்த 80 ஆண்டுப் பழைய பலகை வீட்டில், ஊராட்சி உரிமமும் காப்புறுதியும் இல்லாமல், முன்பின் தெரியாதவர்களை இரவில் படுக்க வைக்கிறீர்கள். 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலி முகாம் தளத்தில் மண் சரிந்து 31 பேர் உயிரிழந்தார்கள். அங்கே முகாம் நடத்த உரிமம் இல்லை என்பது அப்போதே வெளியானது. உங்கள் வீட்டில் ஒரு குழந்தைக்குத் தீக்காயம் பட்டாலும், ஓடையில் ஒருவர் வழுக்கி விழுந்தாலும், இழப்பீட்டு வழக்கு பட்டாதாரரை மட்டுமல்ல, பணம் வாங்கித் தங்க வைத்த உங்களையும் தேடி வரும். விருந்தினர்களை நிரந்தர வனக் காப்பகத்துக்குள் மலையேற அழைத்துப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வனத்துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் அதைச் செய்வது தனிக் குற்றத்துக்கு வழி திறக்கும்.

காய்கறித் தோட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டி.ஓ.எல். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரோடு முடிவது; மாற்றிக் கொடுக்க முடியாதது; உரிமம் பெற்றவர் இறந்தால் தேசிய நிலச் சட்டத்தின் 68-ஆம் பிரிவின்படி அதுவும் முடிந்துவிடுவது. 2011-க்குப் பிறகு அப்பா பெயரில் வாங்கிய ரசீதுகள் உங்களுக்கு உரிமை தரவில்லை. அவற்றைப் பெருமையாக நீதிமன்றத்தில் காட்டினால், அனுமதி இல்லாமல் அரசு நிலத்தில் இருப்பதை நீங்களே ஒப்புக்கொண்டதாகும். 425-ஆம் பிரிவின் கீழ் அதற்கு 500,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஐந்து ஆண்டு வரை சிறையோ, அல்லது இரண்டுமோ விதிக்க இடமுண்டு. நில அலுவலகத்துக்குச் சென்று மரணச் சான்றிதழைக் கொடுத்து, உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பியுங்கள். ஆனால் அந்த விண்ணப்பத்தில் பங்களா நிற்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். வீடு தோட்ட நிலத்தில் நிற்கிறது என்று ஒரு வழக்கிலும், அரசு நிலத்தில் நிற்கிறது என்று ஒரு விண்ணப்பத்திலும் சொன்னவர்களின் சாட்சியத்தை நீதிமன்றம் எதிலும் நம்புவதில்லை.

இனி என் ஆலோசனை: சமரசம் பேசுங்கள், இப்போதே பேசுங்கள். நிறுவனம் நீதிமன்ற விதிமுறைகளின் 89-ஆம் விதியின் கீழ் சுருக்க மனு தாக்கல் செய்வதற்கு முன்பு உங்கள் கையில் ஒரு மதிப்பு இருக்கிறது. 1963-இன் அனுமதியை விசாரிக்க வேண்டியிருக்கும், அதனால் நாள் இழுக்கும் என்ற அவர்களுடைய தயக்கமே அந்த மதிப்பு. சுருக்க மனு தள்ளுபடியாகி முழு விசாரணைக்குப் போவதையே வெற்றி என்று எண்ணிக் கொண்டாடியவர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைத்தது நாள் மட்டுமே, வீடு அல்ல. மனு தாக்கலாகி உங்கள் விளம்பரமும் கோப்பில் ஏறிவிட்டால் அந்தத் தயக்கமும் போய்விடும்.

கேட்க வேண்டியவை உங்கள் அம்மாவின் வயதிலிருந்து தொடங்கட்டும். வெளியேற ஓராண்டு அவகாசம், வேறு வீட்டுக்கு முன்பணமும் இடம் பெயரும் செலவும், நீங்கள் நட்ட டுரியான் மரங்களின் அடுத்த பருவ அறுவடை, ஆவணத்தோடு காட்டக்கூடிய பராமரிப்புச் செலவில் ஒரு பகுதி, 2019 முதல் வாங்கிய வாடகைக்கு எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டோம் என்ற உறுதி ஆகியவற்றைக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் பணமாகக் கைக்கு வராமலேயே உங்களுக்கு அதிகப் பயன் தரக்கூடியது. மானேஜரின் மன்னிப்பையும் கேட்க விரும்புவீர்கள். கேளுங்கள், ஆனால் அதற்காகப் பேச்சுவார்த்தையை முறித்துவிடாதீர்கள்.

பேசும் கடிதங்கள் எல்லாம் "உரிமைக்குப் பாதகமின்றி" (without prejudice) என்ற தலைப்போடு வக்கீல் வழியாகவே போகட்டும். தோட்ட அலுவலகத்தில் மலாயிலோ ஆங்கிலத்திலோ நீட்டப்படும் ஒற்றைப் பக்கத் தாளில் அம்மாவோ நீங்களோ கையெழுத்திட வேண்டாம். இன்ன தேதியில் வெளியேறுகிறேன், எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று மட்டும் அதில் இருக்கும். வாயால் சொன்ன தொகை அதில் இருக்காது. உடன்பாடு எழுத்தில் வந்து, முடிந்தால் நீதிமன்றத்தின் இணக்க உத்தரவாகப் பதிவாகி, பணம் வக்கீலின் வாடிக்கையாளர் கணக்கில் விழுந்த பின்பே சாவி கைமாற வேண்டும். வக்கீல் கடிதம் கொடுத்த 30 நாளில் இன்னும் எத்தனை நாள் மீதி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எத்தனை நாளாக இருந்தாலும், அது முடிவதற்குள் ஈப்போவிலோ கோலகங்சாரிலோ ஒரு வக்கீலைப் பாருங்கள். போகும்போது தாத்தாவின் வேலைப் பத்திரங்கள், கூரை மாற்றிய ரசீதுகள், அப்பாவின் மரணச் சான்றிதழ், விருந்தினர் கணக்குப் புத்தகம் ஆகிய நான்கையும் ஒன்றையும் விடாமல் எடுத்துச் செல்லுங்கள்.